போய் வரும் நேரம் யார் கணக்கில்?

வேலைக்குப் போய்த் திரும்பும் பயணத்துக்குச் சம்பளம் கிடையாது. அது வேலை நேரத்திலும் சேராது, ஓய்விலும் சேராது. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 250 வேலைநாளில் 750 மணி நேரம் சாலையிலும் ரயிலிலும் கழிகிறது. எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் அது 93 நாளைத் தாண்டும். ஏறக்குறைய நான்கரை மாதத்து வேலைநாள்கள். செங்கல்பட்டிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ சீசன் டிக்கெட்டில் சென்னைக்கு வருபவர்களுக்கும், ஆவடியில் வீடும் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலையுமாக இருப்பவர்களுக்கும் இது மிகையான கணக்கே அல்ல. பலருக்கு இதைவிடக் கூடுதலாகவே ஆகிறது.

வீடும் வேலையிடமும் இவ்வளவு தூரம் விலகியது அண்மைக் காலத்தில்தான். பெரம்பூரில் பி அண்ட் சி ஆலை ஓடிய காலத்தில் தொழிலாளர்கள் புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி என்று சங்கு ஊதினால் கேட்கும் தொலைவில் குடியிருந்தார்கள். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் குடியிருந்துகொண்டு ஜார்ஜ் டவுன் அலுவலகத்துக்குப் போய் வரும் குமாஸ்தாவின் வாழ்க்கை அதன் பிறகுதான் சாதாரணமானது. விடுதலைக்குப் பின் வந்த பெரிய பொதுத்துறை நிறுவனங்கள் வேறொரு வழியைப் பின்பற்றின. பெரம்பூர் ஐ.சி.எஃப்., நெய்வேலி நிலக்கரி நிறுவனம், திருச்சி பெல் எல்லாமே தொழிற்சாலையோடு சேர்த்துக் குவார்ட்டர்ஸையும், பள்ளிக்கூடத்தையும், மருத்துவமனையையும் கட்டின. தொழிலாளி சைக்கிளில் வேலைக்குப் போனார். தூரத்தைக் குறைக்கும் பொறுப்பு முதலாளியிடம் இருந்தது என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

தகவல் தொழில்நுட்பம் வந்தபோது அந்தப் பொறுப்பு சத்தமில்லாமல் ஊழியரின் தோளுக்கு மாறியது. 2000-ம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அடுத்தடுத்துப் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று வேலைகள் தெற்கே நகர்ந்துகொண்டே போயின. பறக்கும் ரயில் டைடல் பார்க்கை ஒட்டித் திருவான்மியூருக்கு வந்து, அங்கிருந்து வேளச்சேரிப் பக்கம் திரும்பிவிடுகிறது. 2007-ல் வேளச்சேரியை எட்டிய அந்தப் பாதையைப் பரங்கிமலையோடு இணைக்க வேண்டிய 5 கிலோமீட்டர் வேலை, நிலச் சிக்கலில் மாட்டிப் பதினைந்து ஆண்டுகளையும் தாண்டி இழுத்தது. சிறுசேரி சிப்காட் வரை செல்லவேண்டிய மெட்ரோவோ இரண்டாம் கட்டத்தில்தான் வருகிறது. 63,246 கோடி ரூபாயில் 118.9 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட அந்தக் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததே 2024 அக்டோபரில்தான். கட்டடங்கள் எழுந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் பழைய மகாபலிபுரம் சாலையில் ரயில் இல்லை.

காலை எட்டரை மணிக்குத் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் இதன் பொருள் விளங்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, முதுகில் மடிக்கணினிப் பையோடு ஒரு கூட்டம் படியிறங்கி வரும். வேலைக்குப் பெரும்பகுதி வழி வந்தாயிற்று. மீதி வழிக்கு ஷேர் ஆட்டோ, நிற்க இடமில்லாத பேருந்து, நிறுவனத்தின் வேன், பைக் டாக்ஸி. ரயிலில் அரை மணியில் முடிந்த தூரத்தில் பாதிகூட இல்லாத தொலைவுக்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். மழை பெய்தால் எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த நிச்சயமின்மைதான் பயணத்தின் ஆகப் பெரிய கொடுமை. பொருளியலாளர்கள் புருனோ ஃப்ரேயும் அலாய்ஸ் ஸ்டட்ஸரும் ஜெர்மனியில் பல்லாண்டுக் காலக் குடும்பக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்தார்கள். வெகுதூரம் போய் வருகிறவர்கள் அதற்கு ஈடாக நல்ல சம்பளத்தையோ வசதியான வீட்டையோ பெற்றிருக்க வேண்டும், ஆகவே மற்றவர்கள் அளவுக்கு மனநிறைவோடு இருக்க வேண்டும் என்பது பொருளியலின் எதிர்பார்ப்பு. உண்மையில் பயண நேரம் கூடக் கூட மனநிறைவு குறைந்துகொண்டே போனது. டேனியல் கானமன் குழுவினர் அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளின் ஒவ்வொரு நிகழ்வையும் பற்றிக் கேட்டு 2004-ல் வெளியிட்ட ஆய்விலும், காலைப் பயணமே நாளின் மிகக் கசப்பான பொழுது என்று தெரியவந்தது. சிறிய வீட்டுக்கும் குறைந்த சம்பளத்துக்கும் மனிதர் பழகிவிடுகிறார். இன்று ஐம்பது நிமிடம், நாளை இரண்டு மணி நேரம் என்று மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்குப் பழக முடிவதில்லை.

உடலும் விலை கொடுக்கிறது. டெக்சாஸில் 4,297 பேரிடம் நடத்தி 2012-ல் வெளியான மற்றோர் ஆய்வு, வேலைக்குச் செல்லும் தூரம் கூடக் கூட ரத்த அழுத்தமும் உடல் பருமனும் கூடியிருப்பதையும், இதய-நுரையீரல் திறன் குறைந்திருப்பதையும் கண்டது. அது சொந்தக் காரில் போகிறவர்களின் ஊர். இங்கே இரு சக்கர வாகனத்தில் பேருந்தின் புகைக்குழாய்க்குப் பின்னால் நிற்பவரின் நுரையீரலையும், மேடு பள்ளத்தில் இடிபடும் முதுகெலும்பையும் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தைப் பொறுத்தவரை, நெடுந்தூரம் போய் வருவோரின் மணவாழ்வு முறிய 40 விழுக்காடு அதிக வாய்ப்பு இருப்பதாகச் சுவீடனின் உமேயா பல்கலைக்கழக ஆய்வு 2011-ல் சொன்னது. குழந்தை எழும் முன் கிளம்பி, அது தூங்கிய பின் வீடு திரும்பும் தாய் தகப்பனுக்கு ஆய்வுகள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உயிரும் போகிறது. 2018 ஜூலை 24 காலையில் ஒரு மின் கம்பிக் கோளாறு காரணமாகப் புறநகர் ரயில் ஒன்று விரைவு ரயில்களுக்கான பாதையில் திருப்பிவிடப்பட்டது. படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பரங்கிமலை நிலையத்தின் பக்கச் சுவரில் மோதி விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களைப் படியில் நிற்க வைத்தது சாகசம் அல்ல. முந்தைய ரயில்கள் தாமதமாகி உள்ளே இடமில்லாமல் போனதும், வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்ததும்தான்.

தொழில்நுட்பம் இதில் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு வழக்கமாக வரும் முதல் பதில் வேகம்: மெட்ரோ, மேம்பாலம், நெரிசலுக்கு ஏற்பத் தானே மாறும் சிக்னல். இவை வேண்டும், குறிப்பாக ரயில் வேண்டவே வேண்டும். ஆனாலும் வேகத்தை மட்டும் நம்பினால் பயண நேரம் குறையாது. போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் சஹாவியும், அவரைத் தொடர்ந்து இத்தாலிய இயற்பியலாளர் செசரே மார்க்கெட்டியும் சுட்டிக்காட்டியது இதைத்தான். எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் மனிதர் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்கு ஒதுக்குகிறார். வண்டி வேகமாகப் போனால் மிச்சமாகும் நேரத்தை வீட்டில் கழிப்பதில்லை. இன்னும் தள்ளிப்போய் வீடு வாங்கிக்கொள்கிறார். சென்னையில் புதிய பாதை அறிவித்த மறுவாரமே ‘மெட்ரோ நிலையத்திலிருந்து பத்து நிமிடம்’ என்று மனை விளம்பரம் வருவதைப் பார்த்தவர்கள் இந்த விதியைக் கண்ணாலேயே கண்டிருப்பார்கள். நிலத்தின் விலை ஏறுகிறது, வாங்க முடியாதவர் அடுத்த நிறுத்தத்துக்கு அப்பால் போகிறார், பயண நேரம் பழையபடி நிற்கிறது.

இரண்டாவது வகைத் தொழில்நுட்பம் காத்திருப்பைக் குறைப்பது. இதற்கு ஆகும் செலவு மேம்பாலத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது; பலனோ உடனடியாகத் தெரிவது. பேருந்து எப்போது வரும் என்று தெரியாதவர் அரை மணி நேரம் முன்கூட்டியே கிளம்புகிறார். அந்த அரை மணி நேரம் எந்தப் புள்ளிவிவரத்திலும் பயண நேரமாகப் பதிவாவதில்லை. புறநகர் ரயில் டிக்கெட்டைக் கைபேசியிலேயே எடுக்கும் யு.டி.எஸ். செயலி 2015-ல் சென்னைக்கு வந்தது. மாநகரப் பேருந்து எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று காட்டும் செயலி 2022-ல் வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்க உதவும் ‘சென்னை ஒன்’ 2025 செப்டம்பரில் வந்தது. இவற்றை ஒன்றிணைக்க வேண்டிய ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-லேயே இயற்றப்பட்டுவிட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இடையில் கழிந்த பதினைந்து ஆண்டுகளுக்குத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரே டிக்கெட் வந்துவிட்டதால் மட்டும் மாறிச் செல்வது எளிதாகிவிடாது. ரயில் வந்து நிற்கும் நேரத்துக்கு வெளியே பேருந்து நிற்க வேண்டும். அதற்கான தகவல் இப்போது ஒரே இடத்தில் திரள்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பது தெரிந்த பிறகும் பழைய கால அட்டவணையையே ஓட்டினால் செயலி வெறும் அலங்காரமாகிவிடும்.

மூன்றாவது வகையே உண்மையில் பயணத்தைக் குறைப்பது. ஆளை நகர்த்தாமல் வேலையை நகர்த்துவது. இது கொரோனா காலத்துக் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜாக் நில்ஸ் 1973-லேயே ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் துணையோடு இதைச் சோதித்துப் பார்த்தார். அவர் செய்த ஏற்பாட்டில் ஊழியர்கள் வீட்டில் உட்காரவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போவதற்குப் பதிலாகத் தங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த கிளைக்குப் போனார்கள். அன்றாட வேலை தொலைபேசிக் கம்பி வழியே தலைமையகத்துக்குப் போனது. இணையம் பரவுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இது முடிந்தது.

இந்தியாவில் இதற்குத் தடையாக இருந்தது கருவி அல்ல, விதி. அழைப்பு மையங்களும் பி.பி.ஓ. நிறுவனங்களும் தொலைத்தொடர்புத் துறையிடம் ‘பிற சேவை வழங்குநர்’ என்று பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் தனி அனுமதியும் வங்கி உத்தரவாதமும் வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சில வாரங்களிலேயே லட்சக்கணக்கானோர் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். விதியை முதலில் தற்காலிகமாகத் தளர்த்தி, 2020 நவம்பரில் அந்தப் பதிவு முறையையே அரசு கைவிட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் இயங்கும் நிறுவனங்களுக்காக, வீட்டிலிருந்து வேலை செய்வதை அனுமதிக்கும் 43ஏ என்ற விதி 2022 ஜூலையில் சேர்க்கப்பட்டது. முதலில் பாதி ஊழியர்களுக்கு என்று வரம்பு வைத்து, அதே ஆண்டின் இறுதியில் அந்த வரம்பும் விலக்கப்பட்டது. ஆக, சட்டம் வழிவிட்டது.

வழிவிட்ட பிறகு நிறுவனங்கள் பழைய முறைக்குத் திரும்பின. டி.சி.எஸ். 2020-ல், 2025-க்குள் தன் ஊழியர்களில் 25 விழுக்காட்டினர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்ற திட்டத்தை அறிவித்தது. 2023 அக்டோபரில் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னது. மற்ற பெருநிறுவனங்களும் ஏறக்குறைய அதே பாதையில் போயின. புதிதாகச் சேர்ந்தவர்கள் மூத்தவர்களுடன் இருந்து கற்க வேண்டும், குழுவாகப் பேசினால்தான் புதிய யோசனைகள் பிறக்கும் என்பவை நிறுவனங்கள் சொல்லும் காரணங்கள். அவற்றில் நியாயம் உண்டு. ஆனால், அந்த நியாயம் வாரத்தில் ஐந்து நாளையும் கோருகிறதா என்பதுதான் கேள்வி. சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைக் கொண்டு நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் நடத்திய ஆய்வு 2024-ல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். மற்றவர்கள் ஐந்து நாளும் அலுவலகம் வந்தார்கள். வேலைத் தரத்திலும் பதவி உயர்விலும் வேறுபாடு இல்லை. முதல் பிரிவில் வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அந்தக் குறைவு பெண்களிடமும், மேலாளர் அல்லாதவர்களிடமும், வெகுதூரத்திலிருந்து வருகிறவர்களிடமும் தெளிவாகத் தெரிந்தது. தொடக்கத்தில் ஏற்பாட்டைச் சந்தேகித்த மேலாளர்களும் முடிவில் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்வதை முழுத் தீர்வாகக் காட்டுவதும் சரியல்ல. இரண்டு அறை வீட்டில் இருவர் கூட்டத்தில் பேச, ஒரு பிள்ளை படிக்க, மாமியார் தொலைக்காட்சி பார்க்க வேண்டியிருக்கும் குடும்பங்களே இங்கு அதிகம். பெண்களுக்கோ அலுவலக வேலையும் அடுப்படி வேலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன. இரவு பத்து மணிக்கும் கைபேசி அழைக்கிறது. வேலை நேரம் முடிந்த பின் அழைப்புக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் அதற்கு ஈடான சட்டம் இல்லை.

அதனால்தான் நில்ஸின் பழைய யோசனை, வீட்டுக்கு அருகில் ஓர் அலுவலகம் என்பது, நம் ஊருக்கு அதிகம் பொருந்துகிறது. ஸோஹோ நிறுவனம் 2011-லேயே தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அரசு ‘டைடல் நியோ’ பூங்காக்களை 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்திலும், செப்டம்பரில் தஞ்சாவூரிலும் சேலத்திலும், டிசம்பரில் தூத்துக்குடியிலும் திறந்தது. இவை சென்னைக்குக் குடிபெயர்வதைக் குறைக்கும். சென்னைக்குள்ளேயே இருக்கும் தூரத்துக்கு வேறு வேலை நடக்க வேண்டும். தாம்பரத்திலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் திருவொற்றியூரிலும் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில், பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் அலுவலகக் கூடங்கள் வரலாம். கோட்டையிலும் எழிலகத்திலும் கோப்பு பார்க்கும் அரசு ஊழியரின் கோப்பு இன்று கணினியில் நகர்கிறது. அவர் மட்டும் ஏன் செங்கல்பட்டிலிருந்து தினமும் நகர வேண்டும்? அரசே முதலில் தன் ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு இதைச் செய்து காட்டலாம்.

எல்லோரும் வராமலிருக்க வேண்டியதில்லை என்பதும் முக்கியம். சாலை நெரிசல் வாகன எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. சாலை அதன் கொள்ளளவை நெருங்கும்போது கடைசியாகச் சேரும் சில வண்டிகளே எல்லோரையும் நிறுத்திவிடுகின்றன. மே மாதம் பள்ளி விடுமுறையில் மத்திய கைலாஷ் சிக்னல் எவ்வளவு லேசாகிறது என்பது அந்த வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும். நிறுவனங்கள் வீட்டு நாள்களை ஒரே வெள்ளிக்கிழமையில் குவிக்காமல் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டாலும், வேலை தொடங்கும் நேரத்தை ஏழரையிலிருந்து பத்தரை வரை பரப்பினாலும் அந்த லேசு ஆண்டு முழுவதும் கிடைக்கும். யார் எந்த நாளில் வருவது என்று வகுத்துத் தரும் மென்பொருளை எழுதுகிறவர்களே அந்தச் சாலையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சாலையில் அப்படிக் காலியாகும் இடம் யாருக்குப் போக வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் விளிம்பில் குடியமர்த்தப்பட்டவர்களுக்கு எந்தக் கணினித் திரையும் உதவாது. மயிலாப்பூரில் பாத்திரம் கழுவுவதையும் தேனாம்பேட்டையில் கட்டடம் துடைப்பதையும் இணையத்தில் செய்ய முடியாது. நடந்துபோய் வேலை பார்த்தவர்கள் இருபது கிலோமீட்டருக்கும் மேல் போய் வர வேண்டியதானபோது பல பெண்கள் வேலையையே விட்டார்கள். 2021 மே முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது அவர்களின் பணத்தை மிச்சப்படுத்தியது. நேரத்தை மிச்சப்படுத்த அதே பேருந்து அடிக்கடி வர வேண்டும், தடையின்றிப் போக வேண்டும். தொழிற்சாலைகளுக்கும் திரை உதவாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு இளம்பெண்கள் காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நிறுவனப் பேருந்துகளில் இருட்டோடு கிளம்பி வருகிறார்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் வளாகத்தை சிப்காட் 2024 ஆகஸ்டில் திறந்தது. குவார்ட்டர்ஸ் காலத்துப் பொறுப்பு ஓரளவு திரும்பிவந்ததன் அடையாளம் அது. அது குடும்பத்தோடு வாழும் வீடாக இல்லாமல் விடுதியாக இருப்பது குறைதான்.

சட்டமும் இந்தப் பயணத்தை வேலையின் பகுதியாக ஏற்கத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரும் விபத்தை, வேலையோடு தொடர்பு இருக்கும் நிலையில், பணியின்போது நேர்ந்ததாகவே கொள்ளும் பிரிவு ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 2010-ல் சேர்ந்தது. ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே பொருள் உண்டு என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நடந்தால் வேலையின் பகுதியாகிற பயணம், நடக்காத நாளில் தொழிலாளியின் சொந்த விவகாரமாக இருப்பது பொருந்தவில்லை.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஓடு முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் திட்டம் தயாராகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பரப்பு 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டுவிட்டது. அந்த விரிவு வேலைகளைப் பரப்புமா, பயணத்தை நீட்டுமா என்பது இந்தத் திட்டத்தில் எழுதப்படும் விதிகளில் முடிவாகும். ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு அனுமதி கேட்டால், எத்தனை கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்று இன்றைய கட்டட விதிகள் சதுர மீட்டர் கணக்கில் சொல்கின்றன. அதே கறாரோடு, அங்கு வேலை பார்க்கப்போகிறவர்கள் எங்கிருந்து எப்படி வருவார்கள், வாரத்தில் எத்தனை நாள் வரத்தான் வேண்டும், அருகில் அவர்கள் வாடகை கொடுத்துக் குடியிருக்க வீடு உண்டா என்ற கணக்கையும் கேட்டு வாங்கலாம். கட்டடம் இயங்கத் தொடங்கிய பின் ஆண்டுதோறும் அந்தக் கணக்கைப் புதுப்பித்துப் பொதுவில் வைக்கச் சொல்லலாம். டிக்கெட் செயலிகளில் சேரும் விவரத்தையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், சோழிங்கநல்லூருக்குப் போகும் கூட்டத்தை எந்த நேரத்தில் குறைக்க வேண்டும் என்பதோடு, பெரும்பாக்கத்திலிருந்து விடிகாலை ஐந்து மணிக்கு எத்தனை பேருந்து கிளம்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.